விபத்து வார்டு வாசலில் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

நான்குவழிச் சாலைக்குப் பக்கத்தில் இருக்கிற ஓர் அரசு ஆஸ்பத்திரியில், அவசர சிகிச்சைப் பிரிவில் பதினொரு வருஷமாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். ஸ்ட்ரெச்சர் உள்ளே போனதும் கதவுக்கு வெளியே நிற்பவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். கேட்கிற ஆள்தான் மாறுவார். அந்த நேரத்தில் நின்று பதில் சொல்ல எங்களுக்கு முடியாது, சொன்னாலும் அவர்கள் காதில் ஏறாது. அதனால் அவரவர் கேட்ட வார்த்தையிலேயே எழுதிவைத்தேன். பதில்கள் எங்கள் டாக்டர்கள் சொல்லிக் கேட்டவை, கொஞ்சம் நானே பார்த்தவை.

"சீட்டுல ஆர்.டி.ஏ.ன்னு எழுதியிருக்கே சிஸ்டர், அது என்ன வியாதி?"

வியாதி இல்லை. சாலை விபத்துக்கான ஆங்கிலச் சுருக்கம். 2022-ல் மட்டும் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள். எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் நமக்குத்தான். இறந்தவர்கள் 17,884 பேர். வகுத்துப் பார்த்தால் நாளொன்றுக்கு 49 பேர்.

சீட்டில் அந்த மூன்றெழுத்து விழுந்ததும் நாங்கள் கேட்க ஆரம்பிப்போம்: என்ன வண்டி, எங்கே உட்கார்ந்திருந்தார், எது வந்து மோதியது, எந்தப் பக்கமாக விழுந்தார். போலீஸ் மாதிரி விசாரிக்கிறார்களே என்று சொந்தக்காரர்களுக்குக் கோபம் வரும். ஆனால் பைக்கில் முன்னால் இருந்தவருக்கு அடி இருக்கிற இடம் வேறு, பின்னால் இருந்தவருக்கு வேறு. கார்க்காரருக்கு வேறு, நடந்து போனவருக்கு வேறு. நீங்கள் சரியாகச் சொன்னால் டாக்டர் கை நேராக அந்த இடத்துக்குப் போகும்.

"நாங்கதான் முதல்ல வந்தோம். பின்னாடி வந்தவரை ஏன் முன்னாடி பாக்கறீங்க?"

இங்கே டோக்கன் வரிசை கிடையாது. வாசலிலேயே சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்துவிடுவோம். மூச்சு, ரத்த ஓட்டம், நினைவு இந்த மூன்றில் ஒன்று தடுமாறினாலும் சிவப்பு. தனக்கு வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்கிறவருக்கு மூச்சுக்குழாய் திறந்திருக்கிறது, மூளைக்கு ரத்தம் போகிறது. அவர் பாவம்தான், ஆனால் காத்திருக்கலாம்.

ஒருநாள் சாயங்காலம் களையெடுப்பு முடிந்து திரும்பிய பெண்கள் ஏறியிருந்த குட்டி யானை சரக்கு வண்டி கவிழ்ந்து, பதினாலு பேர் ஒரே நேரத்தில் வந்தார்கள். மணிக்கட்டு முறிந்த ஒரு பெண்ணின் அலறலில் வார்டே அதிர்ந்தது. ஓரத்து ஸ்ட்ரெச்சரில் ஐம்பது வயது அம்மா ஒருவர், "எனக்கு ஒண்ணுமில்ல கண்ணு, அவளப் பாரு" என்றார். கையைத் தொட்டேன், ஜில்லென்று வியர்த்திருந்தது, நாடி 130. மண்ணீரல் கிழிந்து வயிற்றுக்குள் ரத்தம் தேங்கிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து நான் சத்தம் வராத கட்டிலுக்குத்தான் முதலில் போகிறேன்.

"பைக்ல விழுந்தா ஏன் எப்பவும் காலே உடையுது?"

காருக்குத் தகரம் இருக்கிறது, பைக்குக்கு உங்கள் கால்தான் தகரம். பக்கவாட்டில் எது இடித்தாலும் முழங்காலுக்குக் கீழே இருக்கிற எலும்புதான் முதலில் வாங்கும். அந்த எலும்பின் முன்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். தோலுக்கு அடியில் சதையே கிடையாது. அதனால்தான் அது உடைந்தால் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்க்கிறது. வண்டி காலின் மேலேயே சாய்ந்து தேய்த்துக்கொண்டு போனால், தோல் காலுறை மாதிரி உரிந்தும் வரும்.

கையை ஊன்றி விழுந்தவருக்கு மணிக்கட்டு, தோள் தரையில் மோதினால் காரை எலும்பு. தோள் ஒருபக்கமும் தலை எதிர்ப்பக்கமும் இழுபட்டு விழுந்தவர் ஒரு கையைத் தூக்க முடியாமல் வருவார். எக்ஸ்ரேயில் எலும்பு எல்லாம் சரியாக இருக்கும். கழுத்திலிருந்து கைக்குப் போகிற நரம்புக் கொத்து இழுபட்டோ அறுந்தோ போயிருக்கும். இருபது வயதுப் பையன்களிடம் இதைப் பார்க்கும்போது எனக்குக் கால் முறிவைவிட மனசு கனக்கும். எலும்பு சேர்ந்துவிடும். அந்த நரம்புக்கு அப்படி உறுதி சொல்ல முடியாது.

ஆக, கொண்டுவருவது பெரும்பாலும் கால். உயிரைக் கொண்டுபோவது தலை. இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கும்போது எல்லாருடைய கண்ணும் ரத்தம் ஒழுகுகிற காலில் இருக்கும்.

"வண்டி ஓட்டுனவருக்கு சிராய்ப்புதான். பின்னாடி உக்காந்திருந்த எங்கம்மாவுக்கு மட்டும் எப்படி இவ்வளவு அடி?"

ஓட்டுகிறவருக்குப் பிடிக்க ஹேண்டில்பார் இருக்கிறது, வேகத்தடை வருவதும் கண்ணுக்குத் தெரிகிறது. பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து, ஒரு கையில் பையும் மடியில் குழந்தையுமாக வருகிற பெண்ணுக்கு எதுவும் தெரியாது. வண்டி ஒரு குதி குதித்தால் அவர் பின்பக்கமாகத்தான் விழுவார், பிடரி தரையில் மோதும். எந்த வண்டியும் மோதவில்லை, யாரும் வேகமாகப் போகவில்லை. முகூர்த்த நாள்களில் பட்டுப்புடவையோடு இப்படி வருகிறவர்கள் அதிகம்.

இன்னொன்று முந்தானையும் துப்பட்டாவும். சக்கரத்தில் சுற்றினால் கழுத்தை இறுக்கும், அல்லது ஆளையே இழுத்துத் தள்ளும். பின்சக்கரத்தில் பாதியையாவது மூடுகிற தடுப்பு இருக்க வேண்டும் என்று மோட்டார் வாகன விதியே சொல்கிறது. அழகு கெடுகிறது என்று அதைக் கழற்றிப் போட்ட வண்டிகளைத்தான் நாங்கள் பார்க்கிறோம். பின்னால் இருப்பவரும் ஹெல்மெட் போட வேண்டும் என்பது சட்டம். 2022-ல் நாடு முழுக்க ஹெல்மெட் இல்லாமல் இறந்த 50,029 பேரில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து போனவர்கள்.

"ஹெல்மெட் போட்டா கழுத்து எலும்பு உடையும்ங்கறாங்களே?"

டீக்கடையில் சொல்வார்கள். பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வில், ஹெல்மெட் தலைக்காயத்தை 69 சதவீதமும் சாவை 42 சதவீதமும் குறைக்கிறது என்று வந்திருக்கிறது. கழுத்து முறிவை அது அதிகமாக்கியதாகச் சான்று இல்லை.

நான் கவனித்தது வேறு. ஹெல்மெட் போட்டிருந்தார் என்று சொல்லிக் கொண்டுவருகிறவர்களில் பலருடைய தாடைக்கடியில் பட்டை அழுந்திய தடமே இருக்காது. பக்கிளைப் போடாத ஹெல்மெட், ஆள் தரையைத் தொடுவதற்கு முன்பே பறந்துவிடும். சட்டி ஹெல்மெட் போட்டவருக்கு மண்டை தப்பும், தாடையும் பல்லும் போகும்.

"விழுந்து கிடக்கறவருக்கு ஹெல்மெட்டைக் கழட்டலாமா?"

மூச்சு சரியாக இருந்தால் தொட வேண்டாம், கண்ணாடியை மட்டும் மேலே தூக்கிவிடுங்கள். வாந்தி எடுக்கிறார், மூச்சு அடைக்கிறது என்றால் கழற்றித்தான் ஆக வேண்டும். ஒருவர் கழுத்தையும் தாடையையும் அசையாமல் பிடிக்க, இன்னொருவர் இரண்டு பக்கமும் விரித்து மெதுவாக உருவ வேண்டும். ஒரே ஆள் வெடுக்கென்று இழுக்கிற வேலை இல்லை.

"தண்ணி கேக்கறாரு, ஒரு சோடாவாச்சும் குடுக்கலாமா?"

கூடாது. நினைவு மங்கினவருக்கு அது நுரையீரலுக்குள் போகும். நினைவோடு இருந்தாலும் இன்னும் அரை மணியில் ஆபரேஷன் தியேட்டருக்குப் போக வேண்டியிருக்கலாம். வயிற்றில் இருப்பது மயக்க மருந்து கொடுக்கும்போது மேலே ஏறி வரும். உதட்டை நனைத்துவிடுங்கள், போதும்.

காயத்தில் காபித்தூள், மஞ்சள்தூள் வேண்டாம். அதைக் கழுவி எடுக்கவே எங்களுக்கு இருபது நிமிஷம் போகும். சுத்தமான துணியை மடித்து வைத்து அழுத்திப் பிடியுங்கள். ரத்தம் நின்றதா என்று நொடிக்கொரு தரம் எடுத்துப் பார்க்கக் கூடாது. வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்தைத் திணிக்காமல் ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். துண்டான விரலை நேராக ஐஸில் போடக் கூடாது. ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸுக்குள் வைத்துக் கொண்டு வாருங்கள்.

"நல்லா பேசிட்டுத்தானே வந்தாரு! திடீர்னு எப்படி நினைவு போச்சு?"

இந்தக் கேள்வியில் எப்போதும் ஒரு சந்தேகம் ஒளிந்திருக்கும்: நீங்கள் போட்ட ஊசியில்தானே இப்படி ஆனது? இல்லை. காதுக்கு முன்னே, நெற்றிப்பொட்டுப் பக்கம் மண்டையோடு மெல்லியது. அதன் உட்புறத்தை ஒட்டி ஒரு தமனி ஓடுகிறது. எலும்பு விரியும்போது அது கிழிந்தால், மண்டையோட்டுக்கும் மூளை உறைக்கும் நடுவே ரத்தம் சேர ஆரம்பிக்கும். அடிபட்ட அதிர்ச்சியில் ஒரு நிமிஷம் மயங்குவார், பிறகு தெளிந்து எழுந்து டீ குடிப்பார், வண்டியை நிமிர்த்துவார், வீட்டுக்கும் போவார். உள்ளே ரத்தக்கட்டி பெருத்துக்கொண்டே இருக்கும். மூளை விலக இடம் இல்லாமல் போகிற நிமிஷத்தில் சரிந்துவிடுவார். அந்த இடைவெளி அரை மணியாகவும் இருக்கலாம், பல மணி நேரமாகவும் இருக்கலாம்.

தலைக்காயங்களில் நேரத்தோடு வந்தால் ஆளை முழுசாகத் திருப்பித் தருகிற வகை இதுதான். கட்டியை எடுத்துவிட்டால் அடியில் இருக்கிற மூளை பல நேரம் நன்றாகவே இருக்கும். ஆகவே வீட்டில் இருப்பவர் பார்க்க வேண்டியது: திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகிற தலைவலி, ஒரு கண்மணி மட்டும் பெரிதாவது, காதிலோ மூக்கிலோ தண்ணீர் மாதிரி ஒழுகுவது, கேட்டதையே கேட்பது.

"சரக்கு போட்டிருக்காரு சிஸ்டர், அதான் தூங்கறாரு. காலையில தெளிஞ்சிடும்ல?"

தெளியாமலே போகலாம். மேலே சொன்ன கட்டி உள்ளே வளர்கிறவரும் இப்படியேதான் தூங்குவார், குழறுவார், நம்மைத் திட்டுவார். வாயில் அடிக்கிற வாடை அவர் குடித்தார் என்பதை மட்டும்தான் சொல்லும். அதனால் குடித்துவிட்டு விழுந்தவரை நாங்கள் மற்றவரைவிட அடிக்கடி உலுக்கி எழுப்புவோம். கண்ணைத் திறக்கிறாரா, பேச்சு எப்படி, சொன்னபடி கையை அசைக்கிறாரா என்று பார்த்து மார்க் போடுவோம். டாக்டர்கள் ஜி.சி.எஸ். என்று பேசிக்கொள்வது அந்த மார்க்கைத்தான். முழு மார்க் 15, ஒன்றுமே இல்லாவிட்டாலும் 3. எட்டோ அதற்குக் கீழேயோ வந்தால் மூச்சுக்குழாயில் டியூப் போட்டுவிடுவார்கள்.

"ஸ்கேன் நார்மல்னு சொல்லிட்டு ஏன் அட்மிட் பண்றீங்க?"

ஸ்கேன் என்பது அந்த நிமிஷத்துப் படம். விபத்து நடந்து இருபது நிமிஷத்தில் எடுத்த படத்தில் மூன்று மணி நேரம் கழித்து வரப்போகிற ரத்தம் தெரியாது. வயதானவர்களிடமும் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களிடமும் இது இன்னும் மெதுவாக நடக்கும். இதய நோய்க்கு, பக்கவாதத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் நாங்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

"வெளியில ஒரு கீறல்கூட இல்ல. ரத்தம் ஏத்தணும்ங்கறீங்களே?"

பெரியவர் ஒருவர் உடம்பில் சுமார் ஐந்து லிட்டர் ரத்தம். தோல் கிழியாமல் தொடை எலும்பு முறிந்தாலே ஒரு லிட்டருக்கு மேல் சதைக்குள் இறங்கிவிடும். இடுப்பெலும்பு விரிந்தால் அதைவிட அதிகம். வயிற்றுக்குள் கல்லீரலோ மண்ணீரலோ கிழிந்தால் கணக்கே கிடையாது. தரையில் ஒரு சொட்டு விழாமல் ஆள் காலியாகலாம்.

இளம் வயது உடம்பு இதில் நம்மை ஏமாற்றும். ரத்தம் குறையக் குறைய நாளங்கள் சுருங்கி, இதயம் வேகமாக அடித்து, பி.பி.யைத் தாக்குப்பிடிக்கும். ஒன்றரை லிட்டர் போன பிறகுதான் பி.பி. சட்டென்று விழும். அதனால் பி.பி. நன்றாக இருக்கிறதே என்று மெஷினைப் பார்த்து ஆறுதல்பட்டுக்கொள்ளாதீர்கள். குட்டி யானை அம்மாவுக்கும் முதலில் பி.பி. நன்றாகத்தான் இருந்தது. அவருடைய வயிற்றில் டாக்டர் ஜெல் தடவி வைத்துப் பார்த்த சின்ன ஸ்கேன் இரண்டு நிமிஷ வேலை, உள்ளே ரத்தம் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் சொல்லும்.

இடுப்பு முறிவு என்று சந்தேகம் வந்தால் தொடை தொடங்குகிற இடத்தில் போர்வையைச் சுற்றி இறுக்கிக் கட்டுவோம். ஏதோ நாட்டுக்கட்டு மாதிரி இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. விரிந்த இடுப்பை மூடினால் உள்ளே ரத்தம் தேங்குகிற இடம் குறைகிறது. ரத்தம் ஒழுகுவதைக் குறைக்க ட்ரானெக்ஸாமிக் அமிலம் என்று ஓர் ஊசி போடுவார்கள். 2010-ல் வெளியான, இருபதாயிரம் பேருக்கு மேல் பங்கெடுத்த ஆய்வுக்குப் பிறகு அது உலகம் முழுக்கப் பழக்கத்துக்கு வந்தது. அடிபட்ட மூன்று மணி நேரத்துக்குள் போட வேண்டும், பிந்தினால் கெடுதல்கூட வரலாம். எத்தனை மணிக்கு விழுந்தார் என்று நாங்கள் துருவித் துருவிக் கேட்பது இதற்கும் சேர்த்துத்தான்.

"கார்ல வந்தவருக்கு இடுப்பு மூட்டு எப்படி நழுவும்? எதுவும் அவர் மேல விழலையே?"

கார் நிற்கும், உட்கார்ந்திருக்கிறவர் நிற்க மாட்டார். பெல்ட் போடாதவர் அப்படியே முன்னால் சறுக்குவார், முழங்கால் டாஷ்போர்டில் இடிக்கும். அந்த இடி தொடை எலும்பு வழியாக நேராக இடுப்புக்குப் போய், தொடை எலும்பின் பந்து முனையை இடுப்புக் கிண்ணத்திலிருந்து பின்பக்கமாகத் தள்ளிவிடும். கால் குட்டையாகி, முழங்கால் உள்பக்கம் திரும்பியபடி வருவார், பார்த்தாலே தெரியும். ஆறு மணி நேரத்துக்குள் மூட்டைத் திருப்பி உள்ளே போடப் பார்ப்பார்கள். தாமதமானால் பந்துக்கு ரத்தம் போகிற வழி கெட்டு, எலும்பு செத்துப்போகும் அபாயம் கூடும்.

ஓட்டுநருக்கு ஸ்டியரிங் நெஞ்சில் இடிக்கும்: நடுநெஞ்செலும்பு, விலா, அதற்குள் இருக்கிற நுரையீரல். பெல்ட் போட்டிருந்தால் வயிற்றிலும் தோளிலும் கன்றிய பட்டை விழும். உயிர் தப்பியதன் அடையாளம் அது. ஆனால் வயிற்றில் அந்தப் பட்டை அழுத்தமாக இருந்தால் குடலில் ஓட்டை இருக்குமோ என்று ஒருநாள் பார்ப்போம். அதிகாலை மூன்று, நான்கு மணிக்கு வருகிற வேன்கள் தனி ரகம். ஓட்டுநர் கண் அயர்ந்திருப்பார், நின்றிருந்த லாரிக்குப் பின்னால் பிரேக் தடமே இல்லாமல் போய்ச் சொருகியிருக்கும்.

"நடந்து போறவங்களுக்கு?"

பெரியவர் என்றால் முதலில் பம்பர் முழங்காலுக்குக் கீழே இடிக்கும், பிறகு தூக்கி பானெட்டில் போடும், கடைசியில் தரையில் தலை. மூன்று மோதல், மூன்று இடம். ஒன்று தெரிந்தால் மற்ற இரண்டையும் தேடுவோம். பழனி, சமயபுரம், வேளாங்கண்ணி என்று பாதயாத்திரை போகிற மாதங்களில் முதுகுப்பக்கம் அடிபட்டவர்கள் வருவார்கள். இருட்டில் சாலையோரம் வண்டிகளுக்கு முதுகு காட்டி நடந்தவர்கள். பையில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்வதும், வண்டி எதிரே வருகிற பக்கம் நடப்பதும் காசு செலவில்லாத காரியம்.

"குழந்தைக்கு குதிகால்ல மட்டும்தான் அடி, அதுக்கு ஏன் ஆபரேஷன்?"

பின்சக்கரக் கம்பிக்குள் குழந்தையின் கால் போயிருக்கும். பார்க்கிறபோது சின்ன வெட்டு மாதிரிதான் தெரியும். குதிகால் தோல் நசுங்கியிருப்பதால் நாலைந்து நாளில் கறுத்து, உள்ளே குதிகால் தசைநாண் தெரிய ஆரம்பிக்கும். தோல் வைத்து மூட வேண்டிவரும்.

குழந்தையை வண்டியில் டேங்க் மேல் உட்கார வைப்பவர்களுக்கு ஒன்று. நீங்கள் பிரேக் போட்டால் குழந்தைதான் உங்களுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே தலையணை. ஹேண்டில் முனை குத்தின வயிற்றில் ஒரு ரூபாய் அளவு வட்டத் தடம்தான் இருக்கும். உள்ளே கணையமும் குடலும் அடிபட்டிருக்கும். 9 மாதம் முதல் 4 வயது வரை உள்ள குழந்தையை ஓட்டுகிறவரோடு பட்டையால் இணைத்து, ஹெல்மெட் போட்டு, மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாமல் ஓட்ட வேண்டும் என்ற விதி 2023 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. அந்தப் பட்டையோடு ஒரு குழந்தையை நான் இதுவரை பார்த்ததில்லை.

"எலும்புதானே சிஸ்டர். நாட்டுக் கட்டு போட்டுக்கறோம், டிஸ்சார்ஜ் பண்ணுங்க."

தோல் கிழியாத, நகராத சின்ன முறிவுக்கு எந்தக் கட்டு போட்டாலும் சேரும். அங்கே போய் நன்றாக ஆனவர்கள் கதை உங்களுக்கு ஆயிரம் தெரியும், அவற்றை நான் பொய் என்று சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த கதைகள் வேறு: மூங்கில் தப்பையும் துணியும் இறுகக் கட்டி, வலிக்குது வலிக்குது என்று சொன்ன பையனைப் பொறுத்துக்கோ என்று அடக்கி, மூன்றாம் நாள் விரல் கறுத்துக் கொண்டுவந்தது.

கட்டு யார் போட்டாலும், நாங்களே போட்ட மாவுக்கட்டாக இருந்தாலும், கவனிக்க வேண்டியது ஒன்றுதான். முறிவுக்கு வரவேண்டியதைவிட அதிகமான வலி, கால்விரலை நாம் மெல்ல நிமிர்த்தினாலே உயிர் போகிற மாதிரி கத்துவது. சதைக்குள் அழுத்தம் ஏறுகிறது என்று அர்த்தம். ஆறு மணி நேரம் போல விட்டால் சதை செத்துவிடும். இரவு ரெண்டு மணியானாலும் கட்டைப் பிரிக்கக் கொண்டு வாருங்கள். எலும்பு வெளியே தெரிகிற முறிவுக்குச் சில மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஊசியும் தியேட்டரில் கழுவலும் வேண்டும், அதற்கு வெளிக்கட்டு எதுவும் உதவாது.

"கால எடுக்கணும்னு இவ்ளோ சீக்கிரம் எப்படி முடிவு பண்றீங்க?"

சீக்கிரம் முடிவு பண்ணுவதே இல்லை. தோல், எலும்பு, தசையும் நரம்பும் ஒவ்வொன்றும் எவ்வளவு போயிருக்கிறது, ஆளுக்குச் சர்க்கரை உண்டா, எத்தனை மணி நேரம் ஆச்சு என்று மார்க் போட்டுப் பார்ப்பார்கள். அந்த மார்க் முறை நம் கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையில் உருவானது; மற்ற நாடுகளிலும் பயன்படுத்துகிறார்கள். 14 வரை என்றால் காலைக் காப்பாற்றப் பார்க்கலாம், 17-ம் அதற்கு மேலும் என்றால் எடுப்பதே நல்லது. நடுவில் 15, 16 வந்தால்தான் டாக்டர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். அப்போது வீட்டாரையும் கூப்பிட்டுப் பேசுவார்கள்.

ரத்தக்குழாய் அறுந்த கால் வேறு விஷயம். அதில் ரத்த ஓட்டத்தைத் திருப்பிக் கொண்டுவரவும் ஆறு மணி நேரக் கணக்குதான்.

"ரெண்டு நாள் நல்லா இருந்தாரு. தொடைதானே உடைஞ்சது, இப்ப ஏன் மூச்சு வாங்குது?"

பெரிய எலும்பு உடைந்தால் அதன் மஜ்ஜையிலிருக்கிற கொழுப்பு ரத்தத்தில் கலந்து நுரையீரலில் போய்ச் சிக்கலாம். பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்றாம் நாளுக்குள். மூச்சுத் திணறல், பிதற்றல், சில பேருக்கு நெஞ்சிலும் கண்ணிமைக்குள்ளும் ஊசி குத்தின மாதிரி சிவப்புப் புள்ளிகள். இதற்கென்று தனி மருந்து கிடையாது. ஆக்சிஜன் கொடுத்து, வேண்டியிருந்தால் வென்டிலேட்டரில் வைத்து, தாண்டுகிற வரை தாங்கிப் பிடிப்போம். எலும்பைச் சீக்கிரம் கம்பி வைத்து நிலைப்படுத்தினால் இது வருவது குறைகிறது.

"ரோட்ல கிடந்தவரைத் தூக்கிட்டு வந்தேன். என்னைக் கேஸ்ல இழுப்பாங்களா?"

இழுக்க முடியாது. உதவ வந்தவருக்கான பாதுகாப்பை 2016 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது, 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்று தனிப்பிரிவாகவே சேர்த்தார்கள். பெயர் சொல்ல விருப்பமில்லை என்றால் சொல்லாமல் போகலாம். எங்கே, எப்போது, எப்படிக் கிடந்தார் என்று மட்டும் எங்களிடம் சொல்லிவிட்டுப் போங்கள். பணம் கட்டச் சொல்லவும் கூடாது.

முடிந்தவரை 108-க்காகக் காத்திருங்கள். ஆட்டோவில் மடித்துப் போட்டுக் கொண்டுவருகிறபோது, முறியாமல் விரிசலாக இருந்த கழுத்தெலும்பும் நகர்ந்துவிடும். ஆனால் ரத்தம் பீறிட்டு ஓடுகிறது, வண்டி வர நேரமாகும் என்றால் காத்திருக்கச் சொல்ல எனக்கு வாய் வராது.

"பக்கத்துல பிரைவேட்தான் இருந்துச்சு. காசில்லாம சேப்பாங்களா?"

'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரி என்றால் முதல் 48 மணி நேரத்துக்குக் காசு கேட்கக் கூடாது. 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கியது. தொடங்கும்போது ஒருவருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை என்று வரம்பு வைத்தார்கள். காப்பீட்டு அட்டை தேவையில்லை, வெளிமாநில லாரி டிரைவராக இருந்தாலும் பொருந்தும்.

"நெஞ்சு ஏறி இறங்குது, உடம்பு சூடா இருக்கு. மூளைச்சாவுன்னு எப்படிச் சொல்றீங்க?"

ஏறி இறங்குவது வென்டிலேட்டர் தள்ளுகிற காற்று. இதயத்துக்குத் தானாகவே துடிக்கிற சக்தி உண்டு, ஆக்சிஜன் போகும்வரை அது கொஞ்ச காலம் ஓடும். கண்ணில் வெளிச்சம், தொண்டையில் குழாய், காதில் குளிர்ந்த நீர் என்று மூளைத்தண்டைச் சோதிப்பார்கள். கடைசியில் வென்டிலேட்டரை நிறுத்தி, தானாக ஒரு மூச்சாவது எடுக்கிறாரா என்று பார்ப்பார்கள். நான்கு டாக்டர்கள் கையெழுத்திட வேண்டும், குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் மறுபடியும் அதே சோதனை. கோமாவிலிருந்து எழுந்தவர்கள் உண்டு. இதிலிருந்து எழுந்தவர் இல்லை.

உறுப்புதானம் பற்றிப் பேச வருகிறவர் மேல் கோபம் வரும், வரட்டும். 2008-ல் சாலை விபத்தில் மூளைச்சாவு அடைந்த திருக்கழுக்குன்றத்துச் சிறுவன் ஹிதேந்திரனின் பெற்றோர் இருவருமே டாக்டர்கள். அவர்கள் எடுத்த முடிவுக்குப் பிறகுதான் நம் மாநிலத்தில் இந்தப் பேச்சு வீடுகளுக்குள் வந்தது. கையெழுத்துப் போடாத குடும்பங்களையும் நான் பார்த்திருக்கிறேன். அவர்களை யாரும் குறை சொல்லக் கூடாது.

"ஏ.ஆர். காப்பியில தானா விழுந்ததுன்னே எழுதிடுங்க. போலீஸ், கோர்ட்டுனு அலைய முடியாது."

ஏ.ஆர். என்பது விபத்துப் பதிவேடு. வந்த நேரம், சொன்ன விவரம், ஒவ்வொரு காயமும் எந்த இடத்தில் எத்தனை சென்டிமீட்டர் என்று அதில் ஏறும். அன்றைக்கு அலைச்சலுக்குப் பயந்து தானாக விழுந்ததாக எழுதச் சொன்னவர்கள், ஆறு மாதம் கழித்து நஷ்டஈடு கேட்கப் போகும்போது அதே வரியைக் காட்டித்தான் எதிர்தரப்பு வக்கீல் மடக்குவார். இடித்த வண்டி நிற்காமல் போயிருந்தாலும் வழி இருக்கிறது: 2022 ஏப்ரலிலிருந்து சாவுக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50 ஆயிரம். எலும்போ பல்லோ முறிந்தாலே சட்டக் கணக்கில் அது கொடுங்காயம்தான்.

"அப்போ கடைசியா ஒண்ணு. ஓட்டுனது இவன் இல்ல, அவன்னு எழுதினா யாருக்குத் தெரியப் போகுது?"

லைசென்ஸ் இல்லாதவன் ஓட்டியிருப்பான், இருக்கிறவன் பின்னால் இருந்திருப்பான். இரண்டு வீட்டுப் பெரியவர்களும் மரத்தடியில் பேசி முடித்துவிட்டு உள்ளே வருவார்கள். நாங்கள் நீங்கள் சொல்வதை 'சொன்னது' என்றும், பார்த்ததைப் 'பார்த்தது' என்றும் தனித்தனியாக எழுதுவோம். மோதும்போது ஹேண்டிலை இறுகப் பிடித்திருந்தவருக்குக் கட்டைவிரல் அடிமூட்டு வீங்கும். டேங்க் இடித்து இரண்டு தொடையும் சேருகிற இடத்தில் கன்றியிருக்கும். பின்னால் இருந்தவருக்கு இவை அநேகமாக இருக்காது. நாலாவது பதிலில் சொன்ன பிடரி அடி இருக்கும்.

காரில் இன்னும் சுலபம். நம் ஊர்க் காரில் ஓட்டுநர் வலப்பக்கம். பெல்ட் போட்டிருந்தால் கன்றிய கோடு அவருக்கு வலத்தோளிலிருந்து இட இடுப்புக்கு இறங்கும். பக்கத்து சீட்டில் இருந்தவருக்கு இடத்தோளிலிருந்து வல இடுப்புக்கு. ஒரு மாமா, தான்தான் ஓட்டியதாக மூன்று முறை சத்தியம் பண்ணினார். பக்கத்துக் கட்டிலில் அவருடைய பதினேழு வயது மருமகன் சட்டையைக் கழற்ற மாட்டேன் என்று பிடித்துக்கொண்டிருந்தான். டிரெஸ்ஸிங் பண்ண வேண்டும் என்று கழற்றினேன். கோடு வலத்தோளிலிருந்து தொடங்கியது.